வீட்டு மரம் விழுந்தால்: கட்டை முதல் சாம்பல் வரை

வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் மரத்துக்கும் ஒரு நாள் முடிவு வரும். புயலில் சாயலாம், பட்டுப்போகலாம், வேர் சுவரைத் தள்ளலாம், மாடி எடுக்கும்போது இடைஞ்சலாக நிற்கலாம். 2011 டிசம்பரில் வந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2016 டிசம்பரில் வர்தா, சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிடுங்கிப் போட்டது. 2018 நவம்பரில் கஜா, டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளையே படுக்க வைத்தது. அப்போதெல்லாம் பல வீடுகளில் நடந்தது ஒன்றுதான். மிஷின் ரம்பம் வந்தது. மரத்தை மூணு மூணு அடியாகத் துண்டு போட்டது. வண்டி வந்து ஏற்றிப் போனது.

"காசு எதுவும் வேணாம்மா, நாங்களே வெட்டி எடுத்துட்டுப் போயிடறோம்" என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். நமக்கும் பாதை சரியானால் போதும் என்றிருக்கும். சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆனால் 30 வருஷம் வளர்ந்த ஒரு வேம்புக்குள் ஒரு வாசற்கால், ஒரு பெஞ்சு, நாலு அலமாரிப் பலகை, ஒரு வருஷத்து வெந்நீர் அடுப்புக்கான விறகு எல்லாம் இருந்திருக்கும். அத்தனையும் அந்த ஒரு தலையாட்டலில் போய்விடும்.

இந்தப் பாடம் சொல்ல வருவது இதுதான்: விறகு என்பது கடைசி வேலை. பலகைக்குத் தேறாத கட்டையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் விறகாக்கலாம். விறகாக்கிய கட்டையைத் திரும்பப் பலகையாக்க முடியாது. ஆகவே முதல் வெட்டு விழும் முன்னால் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: அனுமதியும் பாதுகாப்பும்

மரம் நிற்கும் இடம் யாருடையது என்று முதலில் பாருங்க. காம்பவுண்டுக்கு வெளியே, தெரு ஓரத்தில் நிற்கும் மரம் நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததாகவே இருந்தாலும் உங்களுடையது ஆகாது. அரசு நிலத்தில் நிற்கும் மரங்களை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. தெருமரம் சாய்ந்து கிடந்தால் உங்கள் உள்ளாட்சி அமைப்புக்குச் சொல்லுங்க. சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூட விற்க வேண்டாம்.

சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் சில மரங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. சந்தனம் உங்கள் கொல்லையில் தானாக முளைத்ததாக இருந்தாலும் வனத்துறைக்குத் தெரியாமல் வெட்டவோ விற்கவோ கூடாது. ஈட்டி மரத்துக்கும் வனத்துறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. நம் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தேக்கை வெட்டி வண்டியில் கொண்டுபோக, 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரக்கட்டைகள் போக்குவரத்து விதிகளின்படி அனுமதிச்சீட்டு வேண்டும்.

எந்த மரமானாலும் ஊர் தாண்டி ஏற்றும் முன்னால், பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. போகும்போது பட்டா நகலையும், மரம் நிற்கும்போதோ விழுந்து கிடக்கும்போதோ எடுத்த இரண்டு போட்டோக்களையும் கையில் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பட்டா நகலை இணையவழியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

புயலில் விழுந்த மரம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. மின்கம்பி மேல் சாய்ந்திருந்தால் கிட்டே போகவே கூடாது. மின்சாரச் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்க. ஆபத்து என்றால் 112. இன்னொன்று, விழுந்த மரத்தின் கிளைகள் வில் போல வளைந்து இறுகி நிற்கும். வெட்டிய நொடியில் அது சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். அந்தக் கிளைகளை அனுபவமுள்ள ஆள்தான் தொட வேண்டும். பாதையை மறிக்கும் சிறு கிளைகளை மட்டும் அன்றைக்கே எடுத்துவிட்டு, அடிமரத்தை அப்படியே விட்டுவையுங்க. ரெண்டு மூணு நாளில் அது கெட்டுவிடாது.

இரண்டாம் படி: எந்த மரத்தில் எது தேறும்

எல்லா மரமும் எல்லா வேலைக்கும் ஆகாது. அடிமரத்தின் குறுக்கு வெட்டைப் பார்த்தால் வெளிப்பக்கம் வெளிறிய வளையமும் உள்ளே கருத்த வட்டமும் தெரியும். வெளியே இருப்பதை ஆசாரிமார் வெள்ளை என்பார்கள், உள்ளே இருப்பது வைரம். வண்டு துளைப்பதும் கரையான் அரிப்பதும் முதலில் வெள்ளையைத்தான். வைரம் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தே மரத்தின் மதிப்பு. வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணப்படும் மரங்களை மட்டும் இங்கே பார்க்கலாம்.

வேம்பு: வைரம் சிவப்பாக, கனமாக இருக்கும். பூச்சி எளிதில் அண்டாது. நிலை, ஜன்னல் சட்டம், கட்டில், துணி அலமாரி, தானியப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஏற்றது. சிறு துண்டுகளில் சீப்பு, கரண்டி, மத்து செய்யலாம். அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும் என்பதே இதன் குறை.

பலா: வெட்டியதும் மஞ்சளாக இருந்து, நாளாக ஆகப் பழுப்பேறும். இழைத்தால் பளபளக்கும். கதவு, தூண், மேசைக்கு உயர்ந்த மரம். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்யப்படுகிறது. மிருதங்கமும் தவிலும் பலாக் கட்டையைக் குடைந்து செய்பவை. அதனால் பலாவில் ஒரு விசேஷம் உண்டு: நல்ல பருமனும் ஓட்டையில்லாத வைரமும் இருந்தால், இரண்டரை அடிக் கட்டைக்குக்கூட விலை இருக்கும். முதிர்ந்த பலா விழுந்தால், வாத்தியம் செய்யும் ஆசாரி யாராவது அருகில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வெட்டுங்க.

மா: கனம் குறைவு, அறுக்க எளிது. பெட்டிப் பலகை, கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகை, வீட்டுக்குள் வைக்கும் ஸ்டூல், மனைப்பலகைக்கு ஆகும். மழையில் கிடந்தால் சீக்கிரம் கருத்து, உளுத்துப் போகும். மாமரம் விழுந்தால் மற்ற மரங்களைவிடச் சீக்கிரமாக அறுத்துவிட வேண்டும்.

பூவரசு: இழை நெருக்கமானது. வைரம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். வண்டிக்கும் படகுக்கும் ஆண்ட மரம். பருமன் குறைந்திருந்தாலும் கட்டில் கால், கைப்பிடி, சின்னப் பெட்டிக்கு நன்றாக வரும்.

புளி: கல் மாதிரி மரம். கறிக்கடையில் இருக்கும் வெட்டுக்கட்டை பெரும்பாலும் புளிதான். உலக்கை, கொட்டாப்புளி, கோடாரிக் காம்பு இதில் செய்தால் தலைமுறைக்கும் நிற்கும். அறுப்பது கடினம், கூலி அதிகமாகும்.

கொய்யா: பெரிய பலகை கிடைக்காது. ஆனால் நார் விட்டுப் பிளக்காத மரம். மண்வெட்டி, சுத்தியல், அரிவாள் கைப்பிடிக்குப் பொருத்தம். பிள்ளைகள் உண்டிவில்லுக்குக் கொய்யாக் கவையைத் தேடுவது சும்மா இல்லை.

முருங்கை: பலகைக்கும் ஆகாது, விறகுக்கும் ஆகாது. ஆனால் அது விழுந்தாலும் பிழைக்கிற மரம். நல்ல கிளைகளை மூணு நாலு அடிப் போத்தாக வெட்டி நட்டால் அடுத்த முருங்கை வந்துவிடும். பூவரசும் இப்படியே போத்தில் வரும்.

அரளி: செவ்வரளியோ மஞ்சள் அரளியோ, கரண்டியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மரம் முழுக்க நஞ்சு, புகையும் நல்லதல்ல.

தென்னையும் பனையும் தனிக் கணக்கு. மற்ற மரங்களுக்கு உள்ளே வைரம். இவற்றுக்கு வெளியே வைரம், உள்ளே சோறு. இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியமே புறக்காழ், அகக்காழ் என்று பிரித்துப் பேசியிருக்கிறது. வயதான தென்னையின் அடிப்பாகத்தில் வெளிச்சுற்று நன்றாக இறுகியிருக்கும். அதை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டால், மாட்டுக்கொட்டகைக்கும் ஓட்டுக் கூரைக்கும் கைமரம் கிடைக்கும். முழுசாக வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகவும் போடுவார்கள்.

மூன்றாம் படி: நீளம் வெட்டும் முன் கணக்கு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ரம்பக்காரரைக் கூப்பிடும் முன்னால் ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்க. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, இதுல என்ன தேறும்?"

"உங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல சொல்லுங்கம்மா. நிலை வேணும்னா ஏழு அடிக்கு மேல விடணும். பெஞ்சு போதும்னா அஞ்சரை அடி. மூணு மூணு அடியா வெட்டிப் போட்டுட்டு வந்து கேட்டா, நான் முக்காலிதான் செஞ்சு தர முடியும்."

அவர் சொல்வது எவ்வளவு சரி என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். மரவாடியில் கட்டையைக் கன அடியில் அளப்பார்கள். கணக்கு இதுதான்: கட்டையின் நடுப்பகுதியில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்க. அதை 4ஆல் வகுங்க. வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்க. அதை நீளத்தால் (அடியில்) பெருக்கி, 144ஆல் வகுங்க.

ஒரு வேம்பின் அடிமரத்தில் நேரான பகுதி 10 அடி, நடுச்சுற்று 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 48ஐ 4ஆல் வகுத்தால் 12. 12 பெருக்கல் 12 என்றால் 144. அதை 10ஆல் பெருக்கி 144ஆல் வகுத்தால் 10 கன அடி. அதற்கு மேலே 6 அடி நீளம், 36 அங்குலச் சுற்றுள்ள இன்னொரு துண்டு இருந்தால் அதில் சுமார் 3.4 கன அடி. ஆக மொத்தம் 13.4 கன அடி.

இந்த முறை உருண்டைக் கட்டையின் உண்மையான கொள்ளளவில் நூற்றுக்கு 78 பங்கு அளவைத்தான் காட்டும். பட்டைக்கும் ஓரத்துக்கும் போகும் சேதத்தை முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அது. அதற்கும் மேலே அறுப்பில் தூளும் வெடிப்பும் போகும். "உங்க கணக்குல பாதிதான் வரும்" என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே ஒரு கழிவு போயிருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் பேசுங்க.

இப்போது வாசற்காலைப் பாருங்க. 7 அடி உயரத்தில் இரண்டு, மூன்றரை அடி அகலத்தில் இரண்டு என மொத்தம் 21 அடி நீளம். 5க்கு 3 அங்குலச் சட்டம் என்றால் சுமார் 2.2 கன அடிதான் வேண்டும். நம் 10 கன அடிக் கட்டைக்கு அது பெரிய அளவே இல்லை. ஆனால் அதே கட்டையை 3 அடித் துண்டுகளாக வெட்டிவிட்டால், 10 கன அடியும் கண்ணெதிரே கிடந்தும் ஒரு நிலைக்கால்கூட வராது. ஏழு அடிக் காலும் வராது, மூன்றரை அடிக் குறுக்குச் சட்டமும் வராது. மரம் குறையவில்லை, நீளம்தான் போய்விட்டது.

ஆகவே நீளமான வேலையை முதலில் எடுங்க. 10 அடிக் கட்டையில் ஏழரை அடியை நிலைக்கு ஒதுக்கலாம். முனைகள் காயும்போது வெடிக்கும் என்பதால் இரண்டு பக்கமும் சேர்த்து அரை அடி கூடுதலாக விட வேண்டும். மிச்சம் இரண்டரை அடியில் ஸ்டூல், மனைப்பலகை, கட்டில் கால். மேல் துண்டின் 6 அடியில் பெஞ்சுப் பலகையும் அலமாரித் தட்டுகளும். கிளை பிரியும் கவைப் பகுதியில் இழை சுற்றிச் சுற்றி ஓடும். அறுத்தால் அழகான கோலம் தெரியும், ஆனால் நேரான சட்டத்துக்கு ஆகாது. வெட்டுக்கட்டை அல்லது சின்ன மேசைக்கு வைத்துக்கொள்ளுங்க. கை பருமன் கிளைகள் கைப்பிடிக்கும் பந்தல்காலுக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் விறகு.

சாக்கட்டியால் கட்டையின் மேலேயே வெட்ட வேண்டிய இடங்களில் கோடு போட்டு வையுங்க. ரம்பம் பிடிப்பவரிடம், "அண்ணே, கோட்டுல மட்டும் வெட்டுங்க" என்று சொன்னால் போதும்.

நான்காம் படி: மரவாடியில் பேசும்போது

தோட்டத்து மரத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. துணிக்கொடி கட்ட அடித்த ஆணி, ஊஞ்சல் கொக்கி, யாரோ மாட்டிய போர்டின் கம்பி எல்லாம் வருஷக்கணக்கில் மரத்துக்குள் புதைந்திருக்கும். அறுப்பு மில்லின் ரம்பப் பட்டை அதில் பட்டால் பல் உடைந்து போகும். அதனால் வீட்டு மரம் என்றாலே சில மில்லில் தயங்குவார்கள். பட்டையை உரித்துவிட்டுப் பாருங்க. ஆணி இருக்கும் இடத்தில் கருநீலக் கறை தெரியும். ஒரு பெரிய காந்தத்தை ஓட்டிப் பார்ப்பதும் உதவும். தெரிந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, மில்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்க.

அறுப்புக் கூலி கன அடிக் கணக்கா, வேறு கணக்கா என்று முன்னாலேயே கேளுங்க. ஓரத்தில் வரும் பட்டைப் பலகையும் மரத்தூளும் யாருக்கு என்பதையும் பேசிக்கொள்ளுங்க. அவையும் உங்கள் மரம்தான். கட்டையை விற்பதானால், நீங்கள் போட்ட கன அடிக் கணக்கோடு இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்க. விறகு எடைக்குப் போகும், பலகைக் கட்டை கன அடிக்குப் போகும். நல்ல அடிமரத்தை எடைக்குக் கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு கனத்தில் அறுப்பது? காய்ந்தால் சுருங்கும், இழைத்தால் கொஞ்சம் போகும். முடிவில் ஒரு அங்குலம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கு அறுக்கச் சொல்லுங்க. நட்ட நடுவில் இருக்கும் மென்மையான பகுதியைப் பலகைக்குள் விடாமல் பிரித்து அறுப்பது நல்லது. வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

பலருக்கும் ஒரு ஆசை உண்டு: அடிமரத்தை வட்டமாகச் சீவி, அப்படியே மேசைத் தட்டாகப் போட வேண்டும் என்று. மரம் நடுவிலிருந்து வெளியே சுருங்குவதைவிட, வளையத்தின் போக்கில் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் வட்டத்துண்டு காயும்போது கேக்கில் ஒரு துண்டு எடுத்த மாதிரி பிளந்துகொள்ளும். ஆசை விடவில்லை என்றால், ஓரத்திலிருந்து நடுவரைக்கும் நாமே ஒரு கீறல் ரம்பத்தால் போட்டுவிட்டுக் காயவைக்கலாம். வெடிப்பு அந்தக் கீறலிலேயே விரியும்; பிறகு ஒரு ஆப்புப் பலகையால் அடைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: காயவைத்தல்

நல்ல பலகை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். பச்சைப் பலகையில் கதவு செய்தால் வேனிலில் சந்து விடும், மழையில் பிடித்துக்கொள்ளும். முறை எளிது, பொறுமைதான் வேண்டும்.

முதலில், வெட்டிய அன்றே கட்டையின் இரண்டு முனைகளிலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ பூசுங்க. கிராமத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவார்கள். ஈரம் முனை வழியாக வேகமாக ஓடாமல் இருந்தால் வெடிப்பு குறையும்.

அடுத்து, அறுத்த பலகைகளை நிழலில், காற்றோடும் இடத்தில் அடுக்குங்க. தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. செங்கல் வைத்து ஒரு அடி உயர்த்துங்க. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே வையுங்க. மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே வர வேண்டும். தள்ளி வைத்தால் பலகை அங்கே வளையும். எல்லாவற்றுக்கும் மேலே நாலு கல்லைப் பாரமாக ஏற்றுங்க. மேலே தகரம் போடலாம், பக்கங்களை மூடக் கூடாது. "வெயில்ல போட்டா சீக்கிரம் காயுமே" என்று தோன்றும். காயும், கூடவே முறுக்கிக்கொள்ளும்.

ஒரு அங்குலப் பலகைக்கும் சில மாதங்கள் ஆகும். கனமான சட்டத்துக்கு இன்னும் அதிகம். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்னப் பலகையை அடையாளம் வைத்து, 15 நாளுக்கு ஒரு முறை எடை போட்டு, அதன் மேலேயே எழுதி வாருங்க. எடை குறைவது நின்று, இரண்டு மூன்று முறை ஒரே எண் வந்தால் அந்த அளவுப் பலகைகள் வேலைக்குத் தயார். பழைய பேப்பர் கடைத் தராசே இதற்குப் போதும்.

இடையில் பலகைக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு இறங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பலகையைத் தனியே எடுத்து, வெள்ளைப் பகுதியைச் சீவி எறிந்துவிடுங்க. அறுப்பதற்கு முன்னால் கட்டையைக் குளத்தில் ஊறப்போடும் பழக்கம் பல ஊரில் உண்டு. கட்டைக்குள் இருக்கும் மாவுச்சத்து கரைந்து போவதால் வண்டுக்குச் சாப்பாடு குறையும்.

ஆறாம் படி: மிச்சம் மீதி

தழையை முதலில் பாருங்க. பலாத்தழையும் வேப்பந்தழையும் ஆட்டுக்காரர் வந்து நன்றி சொல்லி எடுத்துப் போவார். வேப்பந்தழையை நிழலில் உலர்த்தி நெல், பயறு வைக்கும் பானையில் போடலாம். மீதியைத் தென்னை, வாழை அடியில் மூடாக்காகப் பரப்பினால் மண் ஈரம் காயாது. பூவரச இலையில் கொழுக்கட்டை வைத்து அவிக்கலாம்.

மரத்தூளைப் பச்சையாக மண்ணில் கொத்திவிட வேண்டாம். அது மட்கும்போது செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். மேலாகப் பரப்பலாம், அல்லது சாணியோடு சேர்த்து மட்கவைத்துப் போடலாம்.

விறகைப் பிளந்து, மழை படாமல் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பின்னே எரியுங்க. ஈர விறகு புகைதான் தரும், அந்தப் புகை வீட்டில் இருப்பவர்களின் நெஞ்சுக்குத்தான் கேடு. அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து இருக்கிறது. சலித்து, காய்கறிப் பாத்திகளில் கொஞ்சமாகத் தூவலாம். பெயிண்ட் அடித்த கட்டையின் சாம்பலைத் தோட்டத்தில் போடக் கூடாது.

தூரைத் தோண்ட முடியவில்லை என்றால் தரைமட்டமாக வெட்டி, மண்ணும் சாணியும் போட்டு மூடினால் நாளடைவில் மட்கிவிடும். தென்னைக்கு மட்டும் இது ஆகாது. மட்கும் தென்னங்கட்டையிலும் தூரிலும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு பக்கத்தில் நிற்கும் நல்ல தென்னையின் குருத்தில் ஏறும். தென்னை விழுந்தால் வேலைக்கு ஆகும் பகுதியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தையும் தூரையும் சீக்கிரம் அப்புறப்படுத்திவிடுங்க. உங்கள் தோப்புக்கு மட்டும் இல்லை, பக்கத்துத் தோப்புக்கும் அது நல்லது.

வெட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்

1. இந்த மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமா, கிளை கழித்தால் போதாதா?

2. மரம் நிற்கும் இடம் யாருடையது, எந்த அனுமதி வேண்டும்?

3. நேரான நீளம் எவ்வளவு, நடுச்சுற்று எவ்வளவு, எத்தனை கன அடி?

4. வீட்டுக்கு வேண்டியவற்றில் நீளமான பொருள் எது? அதற்கான கோடு போட்டாயிற்றா?

5. பலகையை அடுக்க நிழலும், முனையில் பூச பெயிண்டும் தயாரா?

இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தால், "காசு வேணாம், வெட்டி எடுத்துக்கறேன்" என்று வருபவரிடம் தயங்காமல் பேசலாம். "மிலாறும் சின்னக் கிளையும் எடுத்துக்குங்கண்ணே, அடிமரம் எங்களுக்கு வேணும்" என்று சொன்னால், அவருக்கும் கூலிக்கு ஈடாகிவிடும், உங்களுக்கும் மரம் மிஞ்சும்.

பலகை காயும் அந்தச் சில மாதங்களில் காலியான இடத்தில் ஒரு கன்று வைத்துவிடுங்க. சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் இந்த முறை கொஞ்சம் தள்ளியே குழி எடுங்க. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கப்படுகின்றன. உங்கள் பகுதிக்கு அருகே எங்கே கிடைக்கும் என்பதை அதே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.